முன்னாள் மாணவர் சந்திப்புக்கு மதுரை ‘பேக்கேஜ்’: எதைக் கொடுக்கலாம், எதைக் கையில் வைத்துக்கொள்ளலாம்

மதுரையில் ஒரு பள்ளியின் பழைய பேட்ச் சந்திக்கலாம் என்று பேச்செடுத்த உடனே வாட்ஸ்அப் குழுவில் ஒரு கொட்டேஷன் வந்துவிடுகிறது. பந்தல், சேர், மைக்செட், காலை டிபன், மதியச் சாப்பாடு, போட்டோ, வீடியோ, ஷீல்டு, ஆங்கர் எல்லாம் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. கல்யாண கேட்டரிங் செய்கிறவர்கள், ஈவென்ட் நடத்துகிறவர்கள் இரண்டு தரப்பும் இதைச் செய்கிறார்கள். இங்கே எந்த நிறுவனத்துக்கும் மதிப்பெண் போடவில்லை. இந்தப் பேக்கேஜ் என்கிற சேவையையே எடை போட்டுப் பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சாப்பாடு, பந்தல், மைக்செட் மூன்றையும் தாராளமாகக் கொடுங்கள். பெயர் அட்டை, குரூப் போட்டோ, ஆசிரியர்களைக் கவனிப்பது, அச்சிடும் நினைவு மலர் இந்த நான்கையும் பேட்ச்காரர்களே பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சேவை கல்யாணத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். முப்பது வருஷம் கழித்துப் பள்ளி வாசலில் இறங்குகிறவருக்கு எதிரே நிற்பவர் யாரென்றே பிடிபடாது. அந்த வித்தியாசத்தைப் பேக்கேஜ்காரர் யோசிப்பதில்லை.

தேதியில் ஆரம்பிப்போம், கட்டணமும் தரமும் அதில்தான் நிற்கின்றன. முகூர்த்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் நல்ல சமையல் மாஸ்டர் கல்யாணத்துக்குப் போய்விடுவார், உங்களுக்கு இரண்டாம் செட் ஆட்கள் வருவார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஊருக்குள் வரும் எதிர்சேவை முதல் மலைக்குத் திரும்பும்வரை தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் வண்டி விட முடியாது. அந்த நாட்களை விட்டுவிடுங்கள். ஆடியில் கல்யாணம் இல்லாததால் பேரம் படியும், நல்ல ஆட்களும் கிடைப்பார்கள். புரட்டாசியிலும், மாலை போடும் கார்த்திகையிலும் பாதிப்பேர் கறி தொட மாட்டார்கள். பொங்கல் விடுமுறையில் வெளியூர்க்காரர்கள் அதிகம் வருவார்கள், ஆனால் பூச்செலவு கையைக் கடிக்கும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி, மார்கழி, தைப் பனியில் வரத்துக் குறைந்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலேயே விலை எகிறிக் கிடக்கும். அந்த மாதத்தில் அலங்காரத்துக்குச் சம்பங்கி போதும். ஆசிரியர்களுக்கு மாலைக்குப் பதில் பொன்னாடை போர்த்தினால் மரியாதை ஒன்றும் குறையாது.

சாப்பாடுதான் இந்தச் சேவையின் பலம். மதுரை மாஸ்டர்கள் நூறு பேர் சமையலைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். கோளாறு வருவது அடுப்பில் இல்லை, ஒப்பந்தத் தாளில். ‘மட்டன் பிரியாணி 100 பிளேட்’ என்று எழுதினால் பிளேட் என்பது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கிலோவில் எழுதச் சொல்லுங்கள். சீரகச் சம்பா ஒரு கிலோ போட்டால் எட்டிலிருந்து பத்துப் பேர் சாப்பிடலாம். நூறு பேர் கறி சாப்பிடுகிறார்கள் என்றால் அரிசி 11 கிலோ, கறி 11 கிலோ. ஒரு கிலோ கறியில் 45 கிராம் துண்டாக 22 வரும், ஆக மொத்தம் 240 துண்டு, இலைக்கு இரண்டு போட்டும் மிஞ்சும். ‘ஒன்றுக்கு ஒன்று’ என்று தாளில் இல்லாவிட்டால் அரிசி 13 ஆகும், கறி 8 ஆகும், கடைசிப் பந்திக்குக் குஸ்காதான் மிஞ்சும். சைவம் நூறு பேருக்கு என்றால் பொன்னி அரிசி 10 முதல் 11 கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு இரண்டரை முதல் 3 கிலோ, பொரியலுக்கு நறுக்கிய காய் 8 கிலோ, தயிர் 7 லிட்டர், பாயசம் 10 லிட்டர். சைவ அடுப்பும் கரண்டியும் தனி என்பதையும் எழுதிவிடுங்கள். பரிமாறும்போது அந்தக் கரண்டி மாறிப்போய் மனஸ்தாபம் வருவது வழக்கமான விஷயம்.

பந்தியில் இன்னொரு கணக்கு இருக்கிறது. கல்யாணப் பந்தி அரை மணியில் எழுந்துவிடும். இங்கே இலையில் கையை வைத்தபடியே கணக்கு வாத்தியார் கதை ஓடும், ஒரு பந்திக்கு முக்கால் மணிக்குக் குறையாது. அதனால் நூறு பேருக்கு ஐம்பது ஐம்பதாக இரண்டு பந்திக்கு மேல் போகக் கூடாது. பந்திக்கு நான்கைந்து பேர் பரிமாற வேண்டும். முதல் பந்தி 12:45-க்கு உட்கார வேண்டும். ஐம்பது வயது தாண்டிய பேட்சில் சர்க்கரைக்கு மாத்திரை போட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், மேடை நிகழ்ச்சி இழுத்து இரண்டரை மணி ஆனால் மயக்கம் போட்டு விழுவார்கள். பஃபே வேண்டாம். எண்பது வயது ஆசிரியரைத் தட்டோடு வரிசையில் நிறுத்துவது முறையில்லை.

வரவேற்புக்கு ஜிகர்தண்டா என்று எல்லாப் பேக்கேஜிலும் இருக்கிறது. நன்றாகச் செய்தால் வெளியூரிலிருந்து வந்தவருக்கு முதல் வாயிலேயே ஊர் திரும்பி வந்துவிடும். நூறு தம்ளருக்கு 150 கிராம் பாதாம் பிசின், 12 லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சி ஒன்பதாக்கியது, நன்னாரி சர்பத் 2 லிட்டர், ஐஸ்கிரீம் 5 முதல் 6 கிலோ என்பது சரியான அளவு. பிசினை முதல் நாள் இரவே, எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, மரத்தூசியை அலசி எடுக்க வேண்டும். காலையில் ஊறப்போட்டால் நடுவில் கல் மாதிரி ஒரு கட்டி நிற்கும், பல்லில் இடறும். சிலர் பாலைச் சுண்டவிடாமல் கஸ்டர்ட் பவுடர் கரைத்துக் கெட்டியாக்குகிறார்கள். நாக்கில் மாவு ஒட்டினால் அதுதான் விஷயம். முன்கூட்டியே ஊற்றி அடுக்கி வைத்தால் ஐஸ்கிரீம் கரைந்து தண்ணீராகிவிடும். ஆள் வர வர ஊற்றித் தர ஒரு ஆள் நிற்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், ஸ்ட்ரா எல்லாம் அதில் சேரும். இருந்தும் சிலர் அதைத்தான் மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். பள்ளி வளாகத்தில் அது தலைமை ஆசிரியருக்குத்தான் தலைவலி. எவர்சில்வர் தம்ளர் 150 வாடகைக்கு எடுத்தால் போதும், கழுவ ஒரு ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் தலைக்கு இரண்டு லிட்டர், நூறு பேருக்கு 20 லிட்டர் கேன் பத்து. மே மாதம் என்றால் பதினைந்து.

மைக்செட், மின்சாரம் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வகுப்பறைச் சுவரில் இருக்கும் சின்ன பிளக் 6 ஆம்பியர், ஏறக்குறைய 1,400 வாட் வரைதான் தாங்கும். காபி பாய்லர் ஒன்றே 2,000 வாட் இழுக்கும். அதைக் கொண்டுபோய் ஆம்ப்ளிஃபயர் இருக்கும் லைனில் செருகினால் வரவேற்புரை நடுவில் மொத்தமும் அணையும். பாய்லருக்கு 16 ஆம்பியர் பிளக் இருக்கும் அறையை முதல் நாளே பார்த்து வையுங்கள், இல்லையேல் கேஸ் அடுப்பில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் வைத்தால் கீச்சென்று கத்தும், பேசுகிற ஆசிரியர் பயந்து மைக்கைத் தூரப் பிடிப்பார், அப்புறம் ஒன்றும் கேட்காது. கார்ட்லெஸ் இரண்டோடு வயர் மைக் ஒன்றும் கட்டாயம். ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி வாங்குவது யார் பொறுப்பு என்பதும் தாளில் இருக்கட்டும்.

பந்தலுக்குத் தலைக்குப் பத்துச் சதுர அடி கணக்கு. மேடையைத்தான் கவனிக்க வேண்டும். மூன்றடி மேடையும், கைப்பிடி இல்லாத இரும்புப் படியும்தான் பேக்கேஜில் வரும். ஒரு படி ஒரு அடி உயரம், ஏறும்போது ஆடும். மேடையே வேண்டாம். தரையில் கார்ப்பெட் விரித்து, கைவைத்த நாற்காலி போட்டு ஆசிரியர்களை உட்காரவைத்து, மற்றவர்கள் போய் வணங்கட்டும். அழைத்துவரக் கார், கூடவே ஒரு பழைய மாணவர், வெஸ்டர்ன் டாய்லெட் எங்கே இருக்கிறது என்ற விவரம் இந்த மூன்றும் ஒவ்வொரு ஆசிரியருக்கும் தனித்தனியாக வேண்டும். பேக்கேஜில் இதற்கு இடமே கிடையாது.

இப்போது பெயர் அட்டை. பேக்கேஜ்காரர் தருவது பள்ளிச் சின்னமும் ‘நல்வரவு’ம் பெரிதாக, பெயர் எழுதக் கீழே ஒரு கோடு. ஐந்தடி தூரத்திலிருந்து படிக்க முடியாத அட்டைக்குப் பயனில்லை. பெயர் தமிழில், குறைந்தது 36 பாயின்ட், அதன் கீழே பிரிவு: பத்தாம் வகுப்பு ‘ஆ’ என்று. ஒரு பேட்சில் மூன்று செந்தில், நான்கு முருகேசன் இருப்பார்கள், இனிஷியல் இல்லாமல் தேறாது. பெண்களுக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்த இனிஷியலையே போடுங்கள். கல்யாணத்துக்குப் பின் மாறியதைப் போட்டால் கூடப் படித்த தோழிக்கே அடையாளம் தெரியாது. அந்தப் பழைய இனிஷியல் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும், தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பார்க்கலாம். பட்டப்பெயரை அவரவர் சம்மதம் கேட்டுத்தான் அச்சிட வேண்டும். அன்றைக்குச் சிரித்துக்கொண்டு தாங்கியவர்கள் இன்றைக்கும் தாங்க வேண்டும் என்பதில்லை. இன்னொரு சின்ன விஷயம்: ஒற்றை ஓட்டையில் கயிறு கோத்த அட்டை பத்து நிமிஷத்தில் திரும்பிக்கொள்ளும், நாள் முழுக்க வெள்ளை முதுகுதான் தெரியும். இரண்டு ஓட்டை போடுங்கள், அல்லது இரண்டு பக்கமும் பெயர் அச்சிடுங்கள்.

அழைப்பிதழில் ‘பேட்ச்’ என்பதையும் விளக்கிவிடுங்கள். பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டா, பிளஸ் டூ முடித்த ஆண்டா? தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பு 1978-இல் வந்து, முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-இல் நடந்தது. அதற்கு முந்தையவர்களுக்குப் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.தான் கடைசி. இதை எழுதாததால் பத்தாவதோடு நின்றவர்கள் ‘நமக்கு அழைப்பில்லை போல’ என்று வராமல் இருந்துவிடுகிறார்கள். அவர்கள்தான் முதலில் வர வேண்டியவர்கள்.

குரூப் போட்டோவில் பேக்கேஜ் அடியோடு சறுக்குகிறது. சாப்பாட்டுக்கு முன் பன்னிரண்டரைக்கு, உச்சி வெயிலில், எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்துகிறார்கள். கண் இருக்கும் இடத்தில் கறுப்புக் குழிதான் விழும். வேப்பமரத்தடிக்குப் போனால் இலை வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக முகத்தில் விழும். கட்டடத்தின் நிழல் முழுசாக விழும் பக்கம், காலை பத்துக்குள் அல்லது மாலை நான்குக்கு மேல் எடுக்க வேண்டும். எண்பது பேருக்கு வரிசை இப்படி: முன்னால் 14 நாற்காலி, ஆசிரியர்களுக்கு. பின்னால் 22 பேர் தரையில் நின்று, அடுத்து 22 பேர் பெஞ்சு மேல், அதற்கும் பின்னால் 22 பேர் டெஸ்க் மேல். டெஸ்க் ஆடாமல் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், முட்டி வலிக்காரர்கள் தரை வரிசைக்கு. போட்டோகிராபர் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று, பின்தள்ளிப் போய் 35 முதல் 50 எம்.எம். லென்ஸில் எடுக்க வேண்டும். கிட்ட நின்று 24-இல் எடுத்தால் ஓரத்தில் நிற்பவர் உடம்பு அகன்று தெரியும். அப்பர்ச்சர் எஃப் 8, ஃபோகஸ் இரண்டாம் வரிசையில், குறைந்தது பத்து ஷாட். எண்பது பேரில் யாராவது கண் சிமிட்டிக்கொண்டேதான் இருப்பார். ட்ரோன் ஆசை காட்டினால், விமான நிலையம் இருக்கும் ஊர் என்பதை நினைவில் வைத்து, அந்த இடத்துக்கு அனுமதி உண்டா என்று ட்ரோனுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

நினைவு மலரைப் பேக்கேஜ்காரரிடம் கொடுக்கவே வேண்டாம். பக்கம் எட்டின் மடங்கில் வர வேண்டும், 64 பக்கம் வரை நடுவில் பின் அடித்தால் போதும். இருநூறு பிரதிக்குக் கீழே டிஜிட்டல் அச்சு, ஐந்நூறு தாண்டினால் சிவகாசி ஆஃப்செட் கட்டுப்படியாகும். பழைய போட்டோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஸ்கேன் செய்து ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், ஆறங்குல அகலத்துக்கு 1,800 பிக்சல் வேண்டும். யூனிகோடில் அனுப்பியதை அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ஒற்றைக் கொம்பும் காலும் இடம் மாறும், கிரந்த எழுத்து காணாமல் போகும். பெயர்ப் பட்டியலை, முக்கியமாக மறைந்தவர்கள் பட்டியலை, அச்சிட்ட தாளில் இரண்டு பேர் உட்கார்ந்து விரல் வைத்துப் படிக்க வேண்டும். இறந்துபோன நண்பன் பெயரில் எழுத்துப் பிழை வந்தால் அதற்குத் திருத்தம் போட வழியில்லை.

ஆங்கர் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மியூசிக்கல் சேர் நடத்துவதற்கும், அஞ்சலிக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளி தெரியாமல் தாவுவதற்கும் வெளியாள் தேவையில்லை. வகுப்பாசிரியர் கையில் பழைய வருகைப் பட்டியலைக் கொடுங்கள், வரிசையாகப் பெயர் கூப்பிடட்டும். ‘உள்ளேன் ஐயா’ என்று ஒவ்வொருவராக எழுந்து நிற்கட்டும். வராத பெயரில் ஒரு கணம் நின்று அடுத்த பெயருக்குப் போகட்டும். எண்பது பேருக்கு இருபது நிமிஷம் ஆகும்.

ஷீல்டுக்கு ஒதுக்கிய தொகையை அரசுப் பள்ளியாக இருந்தால் பள்ளிக்கே கொடுக்கலாம். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் அதற்காகவே இருக்கிறது. என்ன தேவை என்று தலைமை ஆசிரியரிடம் முதலில் கேளுங்கள். ஏற்கெனவே நான்கு பேட்ச் கொடுத்த பீரோ ஐந்தாவதாகவும் வந்து நிற்க வேண்டாம்.

முன்பணம் கால் பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள், தலைக்கணக்கை மூன்று நாள் முன்னால் உறுதி செய்யுங்கள். மீதியில் ஒரு சிறு தொகையை மறுநாள் காலைவரை நிறுத்தி வையுங்கள். எச்சில் இலையை மைதான மூலையில் குவித்துவிட்டு வண்டியைக் கிளப்பிப் போவது இந்தத் தொழிலில் சகஜம். திங்கட்கிழமை பிள்ளைகள் பிரேயருக்கு வந்து நிற்பதற்குள் மைதானம் கூட்டிப் பெருக்கியிருக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் கடைசி வரியாக எழுதி, பேக்கேஜ்காரரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.