வரி கட்டிய படகா, கட்டாத படகா? ஐரோப்பாவில் பழைய பாய்மரப் படகு வாங்குவோருக்கு

மத்தியதரைக் கடல் மரீனாக்களில் (படகுத் துறைகளில்) ஒரே மாடல், ஒரே வயதுள்ள இரண்டு பாய்மரப் படகுகள் விற்பனைக்கு நிற்கும். விலை மட்டும் கணிசமாக வேறுபடும். மலிவான படகின் விளம்பரத்தைக் கடைசி வரி வரை படித்தால் காரணம் தெரிந்துவிடும்: 'வாட் கட்டப்படவில்லை', அதாவது மதிப்புக் கூட்டு வரி பாக்கி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் குடியிருப்பவர் என்றால் என் ஓட்டு வரி கட்டிய படகுக்கே, அதுவும் கட்டியதற்கான காகிதம் இருந்தால் மட்டும்.

ஹல்லின் (படகின் உடற்கூடு) ஈரப்பதம், எஞ்சின், ரிக்கிங் (பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள், கயிறுகள்), பாய் எல்லாவற்றுக்கும் இரண்டிலும் ஒரே சோதனைதான். தண்ணீரிலிருந்து தூக்கி, நீங்களே அமர்த்திய, படகுகளைச் சோதிக்கும் சர்வேயரைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.

வரி கட்டாத படகு ஒருவருக்கு மட்டும் அழகாகப் பொருந்தும்: ஒன்றியத்துக்கு வெளியே வசித்து, ஒன்றியத்தில் சேராத நாட்டின் கொடியில் படகைப் பதிவு செய்பவருக்கு. 'தற்காலிக அனுமதி'யில் 18 மாதம் வரியில்லாமல் வைத்திருக்கலாம். கெடு முடியுமுன் துருக்கிக்கோ துனிசியாவுக்கோ போய்த் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்கும். போய்வந்ததற்குத் துறைமுக அனுமதிச் சீட்டு, மரீனா ரசீது, டீசல் பில் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். இந்த 18 மாதம் படகுக்குத்தான், ஆளுக்கு அல்ல. ஷெங்கன் பகுதியில் விசா இல்லாமலோ குறுகிய கால விசாவிலோ இருப்பவருக்கு 180 நாளில் 90 நாள் என்பது தனிக் கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

ஒன்றியவாசி அதே படகை வாங்கினால் இறக்குமதி வாட் கட்டியாக வேண்டும். மால்டாவில் 18 சதவீதம், பிரான்சில் 20, இத்தாலியில் 22, கிரீஸில் 24, குரோஷியாவில் 25. 80,000 யூரோ படகுக்குக் கிரீஸில் 19,200 யூரோ. சுங்கத் தீர்வை தனி. விற்பனைப் பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போட்டால் தப்பலாம் என்று எண்ண வேண்டாம், சுங்கம் தானே மதிப்புப் போடலாம். இதைவிடப் பெரிய கண்ணி சிஇ முத்திரை, அதாவது ஐரோப்பியத் தர விதிகளுக்கு ஏற்றது என்ற அடையாளம். 1998 ஜூன் 16க்கு முன் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்குள் வந்திராத, முத்திரையும் இல்லாத படகுக்குக் கட்டுமானத்துக்குப் பிந்தைய மதிப்பீடு செய்ய வேண்டியிருக்கும். எஞ்சின் புகையும் சத்தமும்கூட அதில் அடக்கம். மலிவு என்று மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துபோகலாம்.

இனி வரி கட்டிய படகு. விளம்பரத்தில் 'வாட் கட்டியது' என்று எழுத யாருக்கும் காசு செலவாவதில்லை. பதிவுச் சான்றும் அதற்கு ஆதாரமாகாது. பிரிட்டனின் சிறுகலப் பதிவேடு உரிமையைக்கூட நிரூபிப்பதில்லை. கேட்க வேண்டியது முதல் உரிமையாளரின் அசல் இன்வாய்ஸ், அதில் வாட் தொகை தனி வரியாக. அல்லது இறக்குமதியின்போது சுங்கம் கொடுத்த ரசீது. இன்வாய்ஸில் உள்ள ஹல் எண்ணை (படகின் அடையாள எண்) படகின் பின்பலகையில் வலப்பக்கம் பொறித்திருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அங்கிருந்து இன்றைய விற்பவர் வரை விற்பனைப் பத்திரங்கள் ஒன்றுவிடாமல் வர வேண்டும்.

அதோடு முடியவில்லை. ஒருமுறை கட்டிய வரி ஆயுளுக்கும் நிற்காது. படகு துருக்கியில் கைமாறியிருந்தால் அந்தத் தகுதி போய்விட்டது. ஒன்றியத்தை விட்டு வெளியே போன படகை அதே உரிமையாளர் பொதுவாக மூன்று ஆண்டுக்குள் திரும்பக் கொண்டுவந்தால்தான் சலுகை. பிரிட்டன் ஒன்றியத்தின் வரி அமைப்பிலிருந்து விலகிய 2020 டிசம்பர் 31 இரவு படகு இங்கிலாந்தில் நின்றதா, பிரான்சில் நின்றதா என்பதும் தலைவிதியை மாற்றும்; அந்தத் தேதிக்கான மரீனா ரசீதைக் கேளுங்கள். 1985க்கு முன் கட்டப்பட்டு, 1992 டிசம்பர் 31 அன்று அன்றைய பன்னிரண்டு உறுப்பு நாடுகளுக்குள் இருந்த படகுகளுக்கு வரி கட்டியதாகவே கருதுவார்கள், ஆனால் வயதுக்கும் இடத்துக்கும் காகிதம் வேண்டும். சார்ட்டர் நிறுவனம் (படகை வாடகைக்கு விடுவது) விற்கும் படகென்றால், உங்கள் பெயரிலான இன்வாய்ஸில் வாட் தெரியாவிட்டால் பணம் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் மறுவிற்பனை. எஞ்சினை மாற்றலாம், பாயைத் தைக்கலாம். தொலைந்த இன்வாய்ஸை இருபது வருடம் கழித்து எங்கே தேடுவது? அடுத்து வாங்குபவரும் இதையேதான் கேட்பார். காகிதம் இல்லாத 'வரி கட்டிய' படகு, விலையில் வரி கட்டாத படகுதான். சொல்லப்போனால், நல்ல தள்ளுபடியில் வரி கட்டாத படகை வாங்கி, முறையாக இறக்குமதி செய்து புது ரசீது வாங்குவது அதைவிட மேல். எந்த நாட்டில் செய்யலாம், என்ன மதிப்பில் என்பதை அந்தத் துறைமுகச் சுங்க ஏஜென்டிடம் வாங்குமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்கு அலுவலகம் நடைமுறை மாறும்.

எதை வாங்கினாலும் பணத்தை எஸ்க்ரோவில் (மூன்றாம் நபர் காக்கும் கணக்கில்) போட்டு, அடமானம் இல்லை என்ற உறுதியும் பழைய கொடியிலிருந்து பதிவு நீக்கியதற்கான சான்றும் வந்த பிறகே விடுவியுங்கள். கொடி மாறினால் ரேடியோவின் அடையாள எண்ணான எம்எம்எஸ்ஐயும் மாறும். அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிப்பது. படகின் இருப்பிடத்தை மற்ற கலங்களுக்கு அறிவிக்கும் பல ஏஐஎஸ் கருவிகளில் ஒருமுறை பதித்த எண்ணை டீலர்தான் மாற்ற முடியும். ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே சமிக்ஞை அனுப்பும் கருவியான இபிர்ப்பின் பதிவையும் உடனே மாற்றிவிடுங்கள்; இல்லாவிட்டால் ஆபத்தில் மீட்பு மையத்தின் போன் பழைய உரிமையாளருக்குத்தான் போகும்.