ஒரு வயரா, ரெண்டு டியூனரா: வீட்டு ரெக்கார்டருக்கு எந்த டிஷ் கார்டு?

சென்னையில் இரவு எட்டு மணி என்றால் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் பத்தரை. அங்கே ஒன்பதரை மணித் தொடர் ஆரம்பிக்கும்போது இங்கே நள்ளிரவு. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். வேலையை விட்டு வருடக்கணக்காகிவிட்டது, ஆனால் பிரட்டுக்கு, அதாவது விடியற்காலைப் பெயர் கூப்பிடலுக்கு, எழுந்த பழக்கம் மட்டும் விடவில்லை. நாலரைக்கெல்லாம் அடுப்படியில் விளக்கு எரியும். அதனால் இரவு ஒன்பதைத் தாண்டினால் அவருக்குக் கண் நிற்காது. எங்கள் வீட்டில் ரெக்கார்டர் வந்ததற்கு அந்த இரண்டரை மணி நேர வித்தியாசம்தான் காரணம்.

பழைய கணினி ஒன்று, அதில் டிஷ் வயரைச் செருக ஒரு கார்டு, பதிந்து வைக்க ஒரு டெராபைட் வன்தட்டு. இவ்வளவுதான் சாமான். இதில் கார்டைத் தேர்ந்தெடுக்கத்தான் நான் அதிகம் அலைந்தேன். ஐந்து வகை பார்த்தேன், மூன்றை வீட்டிலேயே ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் ஒரு ஆசையை முளையிலேயே கிள்ளிவிடுகிறேன். இங்குள்ள கட்டண டிஷ் டிவியான ஆஸ்ட்ரோவைக் கார்டில் பதியலாமா என்று கேட்காதவர் இல்லை. முடியாது. அந்தச் சேனல்கள் வீடியோகார்ட் என்ற பூட்டு போட்டு வருகின்றன. அதைத் திறக்க அவர்களுடைய பெட்டி வேண்டும். மாதக் கட்டணம் கேட்காத அவர்களுடைய என்ஜோய் சேவைக்கும் தனிப் பெட்டிதான். சில கார்டுகளில் சிஐ என்று ஒரு பொந்து இருக்கும், அதில் ஸ்மார்ட் கார்டைச் செருகிப் பூட்டிய சேனல்களைப் பார்க்கலாம் என்பார்கள். ஐரோப்பாவில் அதற்குப் பயன் உண்டு. இங்கே அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டும் வீண். ஆஸ்ட்ரோ மட்டும் போதும் என்பவர்கள் அவர்களுடைய ரெக்கார்டர் பெட்டியையே வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பதிந்ததை வெளியே எடுத்து வைத்துக்கொள்ள முடியாது, அது ஒன்றுதான் குறை.

கார்டுக்கு வேலை இருப்பது பூட்டில்லாத சேனல்களில். தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனல், இன்னும் சில செய்தி, பக்தி, பாட்டுச் சேனல்கள் இந்தியச் செயற்கைக்கோள்கள் வழியாக சி பேண்ட் என்ற அலைவரிசைத் தொகுதியில் இங்கேயும் விழுகின்றன. அதற்கு ஆறடியோ எட்டடியோ பெரிய டிஷ் வேண்டும். வைப்பதற்கு முன்னால் உரிமம் பற்றித் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. "சி பேண்டுக்குத் தனிக் கார்டா?" என்று கடையில் கேட்டால் சிலர் யோசிக்காமல் ஆமாம் என்பார்கள். நம்பாதீர்கள். சி பேண்டோ, இன்னொரு தொகுதியான கேயூ பேண்டோ, டிஷ் முனையில் அலையை வாங்கும் எல்என்பி என்ற கருவி எல்லாவற்றையும் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் இறக்கித்தான் வயரில் அனுப்புகிறது. கார்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பழைய பிசிஐ கார்டு

ஸ்கைஸ்டார் 2 போன்ற பழைய கார்டுகள் இரண்டாம் கை விலையில் கிடைக்கும். நானும் அதில்தான் ஆரம்பித்தேன். குறை சொல்ல மனம் வரவில்லை, வருடக்கணக்கில் உழைத்தது. ஆனால் அது டிஷ் ஒளிபரப்பின் பழைய தரமான டிவிபி-எஸ் மட்டும் புரிந்துகொள்ளும். 2005இல் தரமாக வெளிவந்த டிவிபி-எஸ்2வில் வரும் சேனல் அதன் கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு சேனலாக எஸ்2வுக்கு மாற மாற, என் பட்டியல் மாதாமாதம் சுருங்கியது. இப்போது வரும் தாய்ப்பலகைகளில் அதைச் செருகும் பிசிஐ பொந்தும் அநேகமாக இல்லை. சும்மா கொடுத்தால்கூட வாங்க வேண்டாம்.

அந்தக் கார்டின் முடிவைச் சொல்ல வேண்டும். ஒரு சாயங்காலம் இடி. வயரைப் பிடுங்க மறந்துவிட்டேன். மின்னல் எங்கள் வீட்டில் விழவில்லை, பின்னால் செம்பனையில் எங்கோ விழுந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. கார்டின் வயர் மூக்கைச் சுற்றிக் கறுத்து, கருகிய பிளாஸ்டிக் வாடை. கார்டு போனால் போகட்டும், கூடவே தாய்ப்பலகையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு கார்டு பார்க்கும்போது "இது கருகினால் கூட எதைக் கொண்டுபோகும்?" என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

ஒற்றை டியூனரும் இரட்டை டியூனரும்

உண்மையான போட்டி இங்கேதான். ஒரு பக்கம் டிவிபிஸ்கை எஸ்950, ஒரே டியூனர், அதாவது அலையைப் பிடிக்கும் உறுப்பு ஒன்று. இன்னொரு பக்கம் டிபிஎஸ் 6902, இரண்டு டியூனர். இரண்டும் புதிய பிசிஐ எக்ஸ்பிரஸ் பொந்துக்கானவை, இரண்டும் எஸ்2. முதலாவது என்னுடையது. இரண்டாவதை ஈப்போ நண்பர் ஒரு மாதம் இரவல் கொடுத்தார்.

இரண்டு டியூனர் இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு சேனல் பதியலாம். பெட்டியில் அப்படித்தான் போட்டிருக்கும், பொய்யில்லை. ஆனால் ஒரு டியூனர் ஒரு சேனலைத்தான் பதியும் என்று நினைத்தால் அது தப்பு. டியூனர் பிடிப்பது சேனலை இல்லை, டிரான்ஸ்பாண்டரை. தோட்டத்து லோரி மாதிரி அது. ஒரே லோரியில் பத்துப் பேர் ஏறி வருவார்கள், லோரியை நிறுத்திவிட்டால் பத்துப் பேரையும் இறக்கிக்கொள்ளலாம். விடிஆர், டிவிஹெட்எண்ட் போன்ற மென்பொருள்கள் ஒரே டிரான்ஸ்பாண்டரில் வரும் சேனல்களை ஒரு டியூனரிலேயே சேர்த்துப் பதிந்துவிடும். அம்மா பார்க்கும் மூன்று சேனலில் இரண்டு ஒரே லோரியில் வந்தன. ஒரு மாதம் கணக்குப் பார்த்தேன். இரண்டாவது டியூனர் வேலை செய்தது நான்கே இரவு.

அந்த நான்கு இரவும் சுலபமாக நடக்கவில்லை, காரணம் வயர். எல்என்பிக்குக் கார்டு 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து அலை வரும், 18 வோல்ட் அனுப்பினால் கிடை அலை வரும். ஒரே வயரில் ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றுதான். ஆக, ஒரு வயரைப் பிரித்து இரண்டு டியூனரிலும் செருகினால், ஒன்று செங்குத்து கேட்க மற்றொன்று கிடை கேட்க, ஏதோ ஒரு பதிவு கறுப்பாக வந்து நிற்கும். டிஷ் கட்டித் தரும் அண்ணனிடம் கேட்டேன்.

"அண்ணே, வயர் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு டியூனருக்கு ஓட்ட முடியுமா?"

"ரெண்டு வாய் எல்என்பி போட்டு இன்னொரு வயர் இழு தம்பி. இல்லாட்டி அந்த ஒத்த வயர் எல்என்பி வாங்கு. கார்டுல கொட்டுற காச அதுல போடு."

அவர் சொன்ன ஒற்றை வயர் எல்என்பி ஒரு நல்ல தந்திரம். செங்குத்து, கிடை இரண்டில் ஓர் அலையை 5150 மெகாஹெர்ட்ஸிலிருந்து கழித்து 950 முதல் 1450 வரை வைக்கிறது. மற்றதை 5750இலிருந்து கழித்து 1550 முதல் 2050 வரை வைக்கிறது. இரண்டும் மோதாமல் ஒரே வயரில் பக்கத்துப் பக்கத்தில் வரும், வோல்ட் சண்டையே இல்லை. மென்பொருளில் இரண்டு எண்ணையும் கையால் எழுத வேண்டும், அவ்வளவுதான். இரட்டை டியூனர் வாங்குபவர்கள் இதையும் சேர்த்தே வாங்குங்கள். இல்லையென்றால் பாதிக் கார்டுக்குத்தான் காசு கொடுத்த கணக்கு.

கணினி கார்டோடு பேச உதவும் டிரைவர் மென்பொருள் விஷயத்தில் இரண்டு கார்டுக்கும் இடையே பெரிய இடைவெளி. எஸ்950க்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஃபர்ம்வேர் கோப்பு ஒன்றை மட்டும் ஒருமுறை தேடி வைத்தேன், அப்புறம் அதை நினைத்ததே இல்லை. 6902க்கு டிரைவரைத் தனியாக இறக்கித் தொகுக்க வேண்டும், கர்னலைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை நான் புதுப்பித்துவிட்டு மறந்தேன். சனிக்கிழமை காலையில் அம்மா தேநீர்க் கோப்பையோடு வந்து உட்கார்ந்தார், பட்டியல் காலி. தப்பு என்னுடையதுதான், ஆனால் மறதிக்காரன் வீட்டுக்கு எந்தக் கார்டு சரி என்பது அன்றைக்குத் தெரிந்துவிட்டது. விண்டோஸில் ஓட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.

6902க்குச் சேர வேண்டிய பாராட்டையும் சொல்லிவிடுகிறேன். சேனல்கள் இடம் மாறும்போது புதிய அலைவரிசையைத் தேடிப் பிடிப்பதில் அது என் கார்டைவிடக் கெட்டி. சின்னச் சின்னச் சேனல்கள் மெல்லிய அலையில் வந்தால் என் கார்டு சில சமயம் தடுமாறும். இந்தியச் சேனல்கள் வீடு மாறிக்கொண்டே இருப்பதால் இது சாதாரண விஷயமில்லை. மூன்று தலைமுறை ஒரே கூரையில் இருந்து ஆளுக்கொரு சேனல் கேட்கும் வீடாக இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு 6902 பக்கம் போயிருப்பேன்.

யூஎஸ்பி பெட்டி, தனி ரிசீவர்

மின்னல் அடித்த வீட்டுக்காரனுக்கு யூஎஸ்பி டியூனர் மேல் ஆசை வருவது இயல்பு. கருகினால் வெளியே இருக்கும் பெட்டி முதலில் கருகும் என்று ஒரு நம்பிக்கை. பாதி நம்பிக்கை என்று சொல்லலாம், யூஎஸ்பி வயர் வழியாகவும் மின்சாரம் உள்ளே போகும். எல்என்பிக்கு 18 வோல்ட் தர யூஎஸ்பியின் ஐந்து வோல்ட் தாங்காது. அதனால் தனி அடாப்டர் ஒன்றும் சுவரில் தொங்கும். டிபிஎஸ் 5520எஸ்இ போன்றவற்றில் ஒரு வசதி உண்டு. டிஷ்ஷோடு, ஆன்டெனாவில் வரும் டிவிபி-டி2வையும் பிடிக்கும், ஆகவே முன்பு மைஃப்ரீவியூ என்று இருந்த மைடிவி இலவச ஒளிபரப்பில் வரும் டிவி2 தமிழ்ச் செய்தியையும் அதே பெட்டியில் பதியலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியில்லை, இதையே எடுங்கள். தவறிப்போய் டி2 மட்டும் உள்ள கார்டை டிஷ்ஷுக்கென்று வாங்கிவிடாதீர்கள். டியூனர் என்று எழுதியிருப்பதெல்லாம் டிஷ் டியூனர் இல்லை. பெட்டியில் எஸ்2 என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

தனி ரிசீவர் விலையில் எல்லாவற்றையும் அடித்துவிடும். பென் டிரைவ் செருகினால் பதியும். பல பெட்டிகளில் நான்கு ஜிபிக்கு ஒரு கோப்பாக வெட்டி வெட்டி வைக்கும், டைமர் பட்டியலும் குட்டையாக இருக்கும். வாரத்துக்கு ஒரு நிகழ்ச்சி பதிபவருக்குக் கணினியே வேண்டாம், இது போதும்.

கார்டுக்கு வெளியே இருப்பவை

எந்தக் கார்டு வாங்கினாலும் பதிவின் அளவு மாறாது. வருவதை அப்படியே வன்தட்டில் கொட்டுவதுதான் அதன் வேலை. நொடிக்கு நான்கு மெகாபிட்டில் வரும் சேனல் மணிக்கு 1.8 ஜிபி பிடிக்கும், எட்டு மெகாபிட்டில் வரும் எச்டி 3.6 ஜிபி. ஒரு டெராபைட்டில் சாதாரணச் சேனல் ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல் அடங்கும். அம்மா அதைத் தீர்ப்பதற்குள் தொடரே முடிந்துவிடும்.

இங்கே டிஷ் கிட்டத்தட்ட மல்லாந்து படுத்திருக்கும். எங்கள் ஊரிலிருந்து கிழக்குத் தீர்க்கரேகை 93.5இல் நிற்கும் செயற்கைக்கோளுக்கு டிஷ் 79 பாகை நிமிர வேண்டும், 83இல் நிற்பதற்கு 68 பாகை. வலை டிஷ்ஷில் மழை ஒழுகிவிடும், தகடு டிஷ்ஷில் தண்ணீரும் சருகும் தேங்கும். கார்டு கெட்டுவிட்டது என்று என்னைக் கூப்பிட்ட பக்கத்து வீட்டு மாமாவின் டிஷ்ஷில் இருந்தது ஒரு கை ரம்புத்தான் சருகும் கொசுப் புழுவும். 5ஜி வந்த பிறகு இன்னொரு தொல்லை. இங்கே அது 3.5 கிகாஹெர்ட்ஸிலும் ஓடுகிறது, சி பேண்டு எல்என்பிகள் 3.4இலிருந்தே காது கொடுப்பவை. கோபுரம் பக்கத்தில் இருந்தால் 3.7க்குக் கீழே வடிகட்டிவிடும் எல்என்பி வாங்குங்கள். எந்தக் கார்டும் இதைச் சரிசெய்யாது.

கடிகாரத்தையும் கவனியுங்கள். சேனல் அனுப்பும் நேரத்தை வைத்துக் கணினிக் கடிகாரத்தைத் திருத்தும் வசதி விடிஆரில் உண்டு. நான் அதை ஆர்வமாகப் போட்டுவிட்டேன். ஒரு சின்னச் சேனல் உலக நேரம் அனுப்ப வேண்டிய இடத்தில் இந்திய நேரத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடி, பத்தரைத் தொடருக்குப் பதிலாக மாலை ஐந்து மணி நிகழ்ச்சியைப் பதிந்து வைத்திருந்தது. இப்போது அதை அணைத்துவிட்டு இணையத்திலிருந்து நேரம் எடுக்கிறேன்.

கடைசியில் எங்கள் வீட்டில் தங்கியது எஸ்950. மிச்சப்பட்ட காசில் வடிகட்டி எல்என்பி ஒன்று, வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பு ஒன்று, அதிலிருந்து தரையில் அடித்த கம்பிக்கு ஒரு பச்சை வயர். அப்படியும் வானம் இருட்டினால் அம்மா தடுப்பை நம்புவதில்லை. துணியைக் கொடியிலிருந்து எடுக்கப் போகும் வழியில், கணினியின் பின்னால் கையை விட்டு டிஷ் வயரைத் திருகிக் கழற்றிப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போகிறார்.