தண்டையார்பேட்டை அடகுக் கடை: வட்டி, சீட்டு, நடத்தும் விதம்

காசிமேடு போகிற வழியில் இருக்கும் சின்னக் கடை. பெயர் போட வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை.

முதலில் வட்டி. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம். கல்லாவுக்கு மேலே தமிழில் பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறார்கள், அடகுச் சீட்டிலும் அதே எண்தான். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் எங்கள் பக்கம் தண்டல் வாங்கியிருக்க மாட்டார்கள். 10,000 ரூபாய் தண்டல் என்றால் கைக்கு 8,500 வரும், தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசலும் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போகிறதே, அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. வாங்குகிறவரிடம் அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

கல்லூரியில் பொருளாதாரச் சிந்தனை வரலாறு நடத்துகிறவன் என்பதால் இந்தக் கடையை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். பணம் பணத்தைக் குட்டி போடுவது இயற்கைக்கு விரோதம் என்றார் அரிஸ்டாட்டில். பணத்தைப் பயன்படுத்துவது என்றாலே செலவழிப்பதுதான், அப்படியிருக்க அசலையும் கேட்டு, பயன்படுத்தியதற்குத் தனியாகவும் கேட்டால் ஒரே பொருளை இரண்டு முறை விற்பதாகும் என்றார் 13ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ். சரி, அப்போது அவசரத்துக்குப் பணம் தேடும் ஏழை எங்கே போவது? இந்தக் கேள்விக்கு நடைமுறையில் பதில் தேடியவர்கள் இத்தாலியின் பிரான்சிஸ்கன் துறவிகள். 1462இல் பெருஜியா நகரத்தில் ஏழைகளுக்காகவே ஒரு அடகுக் கடை திறந்தார்கள். வாடகைக்கும் ஆள் சம்பளத்துக்கும் சிறு தொகை வாங்கினார்கள். அதுவும் வட்டிதான், பாவம்தான் என்று டொமினிக்கன் துறவிகள் பல ஆண்டுகள் சண்டை போட்டார்கள். கடைசியில் 1515இல் ரோமில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் லேட்டரன் சங்கம், நடத்தும் செலவுக்கு மட்டும் வாங்கினால் தவறில்லை என்று தீர்த்துவைத்தது.

எங்கள் கடைக்காரர் துறவி இல்லை, லாபம் பார்க்கிறார். ஆனால் கணக்கைத் திறந்து வைக்கிறார். "வாடகை, லாக்கர், பையன் சம்பளம், எங்க வீட்டுச் செலவு, இதெல்லாம் இந்த ஒரு ரூபாய்ல வந்துடுது சார்" என்றார். ஒன்றரை மாதத்தில் திருப்பினால் ஒன்றரை மாதத்துக்குத்தான் வட்டி. முன்பு நான் போன வேறொரு கடையில் இரண்டு நாள் தாண்டியதற்கு முழு மாத வட்டியும், அதற்கு மேல் 'பேப்பர் சார்ஜ்' என்று ஒரு தொகையும் பிடித்தார்கள். சீட்டில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.

வட்டிக்கு உச்சவரம்பே கூடாது, பெரியவர்கள் இருவர் தெரிந்து ஒப்புக்கொண்டால் அரசுக்கு என்ன வேலை என்று 1787இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தம் வாதாடினார். அதற்கு முன்பே, சந்தையையே நம்புகிறவர் என்று நாம் நினைக்கும் ஆடம் ஸ்மித், வட்டிக்குச் சட்ட வரம்பு வேண்டும் என்று எழுதியிருந்தார். வரம்பை ரொம்ப உயர்த்தினால் கடன் எல்லாம் ஊதாரிகளுக்கும் ஆபத்தான திட்டக்காரர்களுக்கும் போய்விடும் என்பது அவர் கவலை. நான் ஸ்மித் பக்கம். பிரிட்டிஷ் அரசு 1855இல் இந்தியாவில் வட்டி வரம்புகளை நீக்கியது. 1875இல் புனே, அகமத்நகர் பகுதி விவசாயிகள் வட்டிக்காரர்களிடமிருந்த கடன் பத்திரங்களைப் பிடுங்கி எரித்தார்கள். கலவரத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் எரிந்தது பத்திரம் என்பதை மறக்கக் கூடாது. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. சட்டம் வந்த பிறகும் எங்கள் தெருவில் தண்டல்காரர் பைக் சத்தம் காலையில் கேட்கத்தான் செய்கிறது.

இந்தக் கடையின் உண்மையான தரம் தெரிவது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அது முடிவதற்குள் பள்ளிக் கட்டணமும் வந்துவிடும். வீட்டுப் பெண்கள் தாலிச் செயினைத் தவிர மற்றதெல்லாம் கொண்டுவருவார்கள். தவணை தாண்டினால் இவர் உடனே ஏலத்துக்கு அனுப்புவதில்லை, போன் செய்கிறார். "வட்டிய மட்டும் கட்டுக்கா, மாத்தி எழுதித் தரேன், நகை மூழ்க வேணாம்" என்று ஒரு அக்காவிடம் அவர் சொன்னதை நானே பக்கத்தில் நின்று கேட்டேன். நகை மூழ்கினால் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, அப்படியும் சொல்கிறார்.

குறைகளும் உண்டு. உட்கார இடமே கிடையாது, பெண்கள் வெயிலில் ரோட்டில் நிற்கிறார்கள், பத்து பேர் எதிரே நகையைத் தட்டில் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு திரையாவது போடலாம். கிராமுக்கு வங்கி தருவதைவிடக் குறைவாகத்தான் தருகிறார், கல் எடையையும் கொஞ்சம் தாராளமாகவே கழிக்கிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை, நேரில் சொல்லியும் விட்டேன். பெரிய தொகை வேண்டும், ஒருநாள் அலைய முடியும் என்றால் வங்கிக்கே போங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஆதார் நகல் கையோடு கொண்டுபோங்கள், ஜூன் முதல் வாரம் என்றால் பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.