ஊருக்குப் போனால் எங்கே படுப்பது: வேனிலா, வளவு வீட்டிலா?

மூன்று வருஷமாக எங்கள் இருவருக்கும் வேன்தான் வீடு. டெம்போ டிராவலரை மாற்றிக் கட்டியது. கட்டில், அடுப்பு, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார் பேனல் எல்லாம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் இரவு எங்கே படுப்பது என்ற கவலை இல்லை. செட்டிநாட்டில், கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்குத் திரும்பும்போது மட்டும் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. ஹோட்டல், அயித்தை வீடு, வேன், நடுவில் முற்றம் வைத்த எங்கள் பழைய வளவு வீடு என்று நான்கு வழிகளிலும் தங்கிப் பார்த்துவிட்டோம்.

ஹோட்டலைப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகளையே அழகாகப் பராமரித்து ஹோட்டலாக நடத்துகிறார்கள். வண்டி நிறுத்த இடம் தாராளம், சாப்பாடும் அருமை. வெளியூர் நண்பர்கள் கேட்டால் தயங்காமல் அதைத்தான் சொல்வேன். ஆனால் நடந்துபோகும் தூரத்தில் நம் வீடு பூட்டிக் கிடக்க, இன்னொருவர் வளவில் காசு கொடுத்துப் படுப்பதை என் மனசு ஏற்கவில்லை.

அயித்தை வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. காலையில் வெள்ளைப் பணியாரம், மத்தியானம் அரிசி கழுவிய தண்ணீரில் செய்யும் மண்டி, சாயங்காலம் தேன்குழல். எழுபது வயதில் தன் கட்டிலை எங்களுக்குக் கொடுத்துவிட்டு அவர் கீழே பாய் விரிப்பதைத்தான் பார்க்க முடியவில்லை. சாப்பாட்டுக்கு மட்டும் அங்கே போவது என்று வைத்துக்கொண்டோம்.

மிச்சம் இரண்டு: வேன், வளவு வீடு. உண்மையான போட்டி இவற்றுக்குள்தான்.

வசதி என்று பார்த்தால் வேன் ஜெயிக்கும். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பூட்டிக் கிடந்த வீட்டைக் கூட்டி, ஒட்டடை அடித்து, கிணற்றில் மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பதற்குள் பாதி நாள் போய்விடும். செட்டிநாட்டுத் தெருக்கள் நேராகவும் அகலமாகவும் இருப்பதால் பெரிய வண்டியைத் திருப்பவும் சிரமமில்லை. வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பை மறைக்காமல் பின் தெருவில் நிறுத்திவிட்டால் அடுப்படிக் கதவு பத்தடி தூரம். வேனின் கழிவறைத் தொட்டியை வீட்டுக் கழிவறையிலேயே காலி செய்துவிடலாம். ஊறணிக் குளத்துப் பக்கம் மட்டும் வேனை நிறுத்த மாட்டோம். ஊர் குடித்த தண்ணீர் அது. நம் அழுக்குத் தண்ணீர் ஒரு சொட்டும் அங்கே போகக்கூடாது.

ஆனால் சித்திரையில் கதை மாறுகிறது. 40 டிகிரிக்குப் பக்கத்தில் வெயில் அடிக்க, தகரக் கூரை ராத்திரி பத்து மணிக்கும் சுடும். எங்கள் பேட்டரி 12 வோல்ட், 200 ஆம்பியர் மணி, அதாவது 2.4 யூனிட். 700 வாட் ஏசி மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடினால் தீர்ந்துவிடும். வளவு வீட்டுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். சுண்ணாம்பு பூசிய கனத்த சுவர், உயர்ந்த கூரை, நடுவில் திறந்த முற்றம், முகப்பிலிருந்து பின்கட்டு வரை நேர்கோட்டில் வாசல்கள். பட்டாலை என்கிற கூடத்தில், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் மேல் வெறும் பாய் போட்டுப் படுத்தால் முதுகு குளிர்ந்து தூக்கம் வருகிறது.

இன்னொன்றும் உண்டு, என் முடிவை மாற்றியது அதுதான். போன ஐப்பசியில் வேனிலேயே தங்கிவிட்டு, கடைசி நாள்தான் வீட்டைத் திறந்தோம். ஓட்டுச்சரிவு முற்றத்துக்கு இறங்கும் இடத்தில் தகரக் கால்வாயை இலை அடைத்திருந்தது. வழிந்த தண்ணீர் ஒரு தேக்கு விட்டத்தில் ஊறி, மேல்பக்கம் கறுத்துப்போயிருந்தது. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த மரம். முதல் நாளே உள்ளே படுத்திருந்தால் சொட்டுகிற சத்தமாவது காதில் விழுந்திருக்கும். எட்டுப் புள்ளிக்கு, அதாவது எட்டுக் குடும்பத்துக்கு, அந்த வீட்டில் பங்கு உண்டு, ஆளுக்கு ஓர் அறை, ஆளுக்கு ஒரு சாவி. எல்லோரும் வெளியூர். வருகிறவர்களும் ஹோட்டலில் தங்கிவிட்டால் வீட்டுக்கு யார் இருக்கிறார்கள்?

அயித்தை அன்றே கேட்டார்: "வீட்டை வச்சுக்கிட்டு வண்டிக்குள்ளயா படுப்பீக?" அப்போது சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால் அது சரியான கேள்வி. எங்கள் ஐயா காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார்கள். வெளியே வாழ்ந்தவர்கள் வந்து இறங்குவதற்கென்றே கட்டிய வீடு இது. எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வீடு ஏது?

அதனால் இப்போதைய ஏற்பாடு: வேன் பின் தெருவில், சாப்பாடு அயித்தை வீட்டில், படுக்கை பட்டாலையில். வந்த அன்றே எல்லாக் கதவையும் திறந்துவிடுகிறோம். வீட்டில் கரண்ட் போனால் வேனிலிருந்து ஒயர் இழுத்து ஒரு மின்விசிறி ஓடும். காய்ச்சல், மழைச்சாரல் என்றால் மட்டும் வேனுக்குள் போய்ப் படுக்கிறோம்.

அடுத்த பயணம் புரட்டாசிக் கடைசியில். மழை பிடிக்கும் முன் ஓட்டின் மேல் ஏறிக் கால்வாயைச் சுத்தம் செய்ய ஆளுக்குச் சொல்லியாயிற்று. விட்டத்தைப் பார்க்க ஆசாரி ஒருவரும் வருகிறார்.