மூன்று வருடத்தோடு போவதா, பட்டம் முடித்துப் போவதா: கனடா மருத்துவபீட விண்ணப்பம்

என் மாமாவின் மகள், எனக்கு மச்சாள், பல்கலைக்கழகத்தில் 3 வருடம் படித்த கையோடு ஹமில்ற்றனில் உள்ள மக்மாஸ்டர் மருத்துவபீடத்துக்குப் போய்விட்டாள். இளங்கலைப் பட்டம் அவள் வாங்கவே இல்லை. இப்போது குடும்ப வைத்தியராக இருக்கிறாள். அந்தப் பட்டம் எங்கே என்று அவளை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நான் 4 வருடம் முடித்துப் பட்டம் வாங்கி, அதற்குப் பிறகும் 2 வருடம் வேலை பார்த்து, நாலாவது விண்ணப்பத்தில்தான் உள்ளே போனேன். மருத்துவப் படிப்பு முடித்தபோது அவளுக்கு வயது 24, எனக்கு 28.

அப்படியிருந்தும், கிரேட் 12 பிள்ளை இருக்கிற உறவினர் யார் கேட்டாலும் பட்டத்தை முடிக்கிற வழியைத்தான் சொல்லி வருகிறேன். தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் சொல்லும்போது அது சரியாகப் போய்ச் சேருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

கனடாவில் பெரும்பாலும் பள்ளிக்கூடம் விட்டு நேரே மருத்துவத்துக்குப் போகமுடியாது, முதலில் பல்கலைக்கழகத்தில் 3 அல்லது 4 வருடம் படிக்கவேண்டும். எங்கள் ஆட்களுக்கு இதில் குழப்பம் வருவது இயல்பு. யாழ்ப்பாணத்தில் ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சையின் உயிரியல் பிரிவில், பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கிற இசட் புள்ளி போதிய அளவு வந்தால் நேரே மருத்துவபீடம். தமிழ்நாட்டிலும் பிளஸ் டூவும் நீட்டும் போதும். இங்கே வந்த அம்மாவுக்கு ஒரு நாளும் விளங்காத விஷயம் இது: "ஏ.எல். முடிச்ச பிள்ளையை டொக்டருக்கு எடுக்காமல், இடையில என்னத்துக்கு இன்னொரு டிகிரி?" அம்மாவின் கேள்வி நியாயமானது. வட அமெரிக்காவிலும் முன்பு அப்படித்தான் இருந்தது. 1893-இல் பால்ற்றிமோரில் தொடங்கிய ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவபீடம்தான் உள்ளே வருவதற்கே பட்டம் வேண்டும் என்று வைத்தது. 1910-இல் ஏப்ரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைப் பார்த்து எழுதிய அறிக்கை, குறைந்தது 2 வருடக் கல்லூரிப் படிப்பாவது வேண்டும் என்றது. ஹொப்கின்ஸில் முதல் பேராசிரியர்களில் ஒருவரான வில்லியம் ஒஸ்லர் ஒன்ராறியோவில் பிறந்தவர். ரொறன்ரோவில் ட்ரினிற்றி கல்லூரிப் படிப்பை இடையில் விட்டு மருத்துவத்துக்கு மாறி, 1872-இல் மொன்றியலில் உள்ள மகில் பல்கலைக்கழகத்தில் வைத்தியரானவர். அவரிடமே இளங்கலைப் பட்டம் இருக்கவில்லை.

இன்றைய விதி இடத்துக்கு இடம் வேறு. மக்மாஸ்டர் 15 முழுவருடப் பாடங்களை, அதாவது 3 வருடத்தைக் கேட்கிறது. என்ன துறை, என்ன பாடம் என்ற நிபந்தனை இல்லை. ஒட்டாவாவுக்கும் 3 வருடம் போதும். வான்கூவரில் யூ.பி.சி. எனப்படும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 90 கிரெடிற், அதாவது 3 வருட அளவு பாடங்களைக் கேட்கிறது. மறுபக்கம், லண்டன் ஒன்ராறியோவில் உள்ள வெஸ்டேர்ன் 4 வருடப் பட்டம் கேட்கும். வட ஒன்ராறியோ மருத்துவப் பல்கலைக்கழகமும் அப்படித்தான், வயதில் மூத்த விண்ணப்பதாரருக்கு மட்டும் சலுகை உண்டு. மனிற்றோபாவுக்கும் பட்டம் வேண்டும். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. ஒன்ராறியோ விண்ணப்பங்களெல்லாம் ஓம்சாஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகத்தான் போகின்றன. அந்தந்த வருடத்து ஓம்சாஸ் கையேட்டைப் பார்க்காமல் யார் சொல்வதையும், நான் சொல்வதையும் சேர்த்து, நம்பவேண்டாம்.

மூன்று வருட வழியின் நன்மை வெளிப்படை. ஒரு வருடக் கட்டணமும் செலவும் மிச்சம். ஒரு வருடம் முன்னதாகவே சம்பளம். மக்மாஸ்டரில் மருத்துவமும் 3 வருடம் என்பதால் பள்ளிக்கூடம் விட்டு 6 வருடத்தில் வைத்தியர். குடும்ப மருத்துவத்துக்கு இன்னும் 2 வருட ரெசிடென்சி, அதாவது மருத்துவப் பட்டத்துக்குப் பிறகான பயிற்சி. இருபத்தாறு வயதில் மச்சாள் சொந்தமாக நோயாளர் பார்த்தாள். ரெசிடென்சி அனுமதியிலும் சரி, வைத்தியர்களைப் பதிவு செய்கிற மாகாணச் சபை அனுமதிப் பத்திரம் கொடுப்பதிலும் சரி, கேட்பது மருத்துவப் பட்டத்தைத்தான். உள்ளே போனவருக்கு இளங்கலைப் பட்டம் இல்லாதது எந்தக் குறையும் அல்ல. இதில் வாதாட எதுவும் இல்லை.

அந்த வழியில் போகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கத் தவறுகிறார்கள். விண்ணப்பம் ஒக்ரோபர் தொடக்கத்தில் முடிகிறது. மூன்றாம் வருட ஒக்ரோபரில் உங்கள் கையில் இருப்பது 2 வருடப் புள்ளிகள் மட்டும். அதில் ஒன்று முதலாம் வருடம். வீட்டைவிட்டு வெளியே போய், ஐந்நூறு பேர் இருக்கிற வகுப்பில் தடுமாறின வருடம். எனக்கு முதல் வருடம் 3.6, இரண்டாம் வருடம் 3.9. சராசரி 3.75. மூன்றாம் வருடம் 3.95 வந்தது. அடுத்த ஒக்ரோபரில் அதையும் சேர்த்தபோது 3.82 ஆகியது. நாலுக்குக் கணக்குப் பார்க்கிற இந்த அளவுகோலில் அந்தச் சின்ன வித்தியாசம் நேர்முகத்துக்குக் கூப்பிடுவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கலாம். எம்காட் என்கிற மருத்துவபீட நுழைவுப் பரீட்சையையும் இரண்டாம் வருடம் முடிந்த கோடையிலேயே எழுதியாகவேண்டும். மச்சாள் முதல் வருடத்திலிருந்தே 3.9-க்குக் கீழே இறங்கவில்லை. அவளுக்கு இந்தக் கணக்கு தேவைப்படவில்லை.

ஆனாலும் என் முடிவைப் புள்ளிகள் தீர்மானிக்கவில்லை. இடம் கிடைக்காவிட்டால் கையில் என்ன இருக்கும் என்பதே தீர்மானித்தது. அதைத்தான் விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

மக்மாஸ்டருக்கு வருடத்துக்கு ஐயாயிரத்துக்கு மேல் விண்ணப்பங்கள் வருகின்றன. இருப்பது இருநூறுக்குச் சற்று மேற்பட்ட இடங்கள். குயீன்ஸ் பல்கலைக்கழகம் 2024-இல், தகுதிக் கோட்டைத் தாண்டியவர்களுக்குள் குலுக்கல் முறையில் அடுத்த கட்டத்துக்கு எடுப்பதாக அறிவித்தது. தகுதியான பிள்ளைகள் இடங்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை ஒரு பல்கலைக்கழகம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டதாகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆகவே நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் முதல் விண்ணப்பத்தில் இடம் கிடைக்காமல் போவதே வழக்கம். கிடைப்பது விதிவிலக்கு. திட்டம் போடும்போது வழக்கத்தை வைத்துத்தான் போடவேண்டும்.

மூன்று வருடத்தில் கிளம்பிவிடுவோம் என்று பதினெட்டு வயதில் தீர்மானித்த பிள்ளைக்குப் பட்டப்படிப்பு பஸ் தரிப்பிடம் மாதிரி ஆகிவிடுகிறது. தரிப்பிடத்தில் யாரும் குடியிருக்கப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். எந்தப் பாடத்தில் புள்ளி இலகுவாக வரும் என்று மூத்த மாணவர்களிடம் விசாரித்து விசாரித்துப் பதிவு செய்தேன். புள்ளிவிபரவியல் கடினம் என்று தள்ளிவைத்தேன். ஆய்வுகூடத்தில் வேலை கேட்டுப் போகவில்லை, நேரம் போய்விடும் என்று. மூன்றாம் வருடத்தில் மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒரு நேர்முகமும் வரவில்லை. மின்னஞ்சல்கள் குளிர்காலத்தில் ஒவ்வொன்றாக வந்தன. மாசி மாதத்து ஸ்காபரோ இருட்டில் பஸ்ஸில் இருந்து கடைசி மின்னஞ்சலை வாசித்தது நினைவிருக்கிறது. அன்றிரவு என் பாடப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 3 வருடம் படித்திருந்தேன். அதை வைத்து ஒரு வேலைக்குப் போகக்கூடிய எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

நாலாம் வருடத்தை வேறு விதமாகப் படித்தேன். புள்ளிவிபரவியல் இரண்டு பாடம். வருடம் முழுக்க ஒரு பேராசிரியரின் கீழ் ஆய்வேடு. ஆய்வேடு என்பது நாலாம் வருடத்தில்தான் வரும், மூன்று வருடத்தோடு கிளம்புகிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை. எனக்கு உண்மையாகவே பிடித்த முதல் படிப்பும் அதுதான். அந்தப் பேராசிரியர் 8 மாதம் என்னை வாரத்துக்கு இரண்டு தடவை பார்த்தவர். அவர் எழுதிய பரிந்துரைக் கடிதத்துக்கும், முந்நூறு பேரில் ஒருத்தியாக என்னைத் தெரிந்தவர் முந்தின வருடம் எழுதிய கடிதத்துக்கும் நிறைய வித்தியாசம் இருந்திருக்கும். இரண்டாவது விண்ணப்பமும் சரிவரவில்லை. ஆனால் அந்த ஆனியில் பட்டமளிப்பு முடிந்து, ஆவணியில் ஒரு மருத்துவமனையில் மருந்துப் பரிசோதனை ஆய்வு ஒன்றை ஒருங்கிணைக்கும் வேலையில் இருந்தேன். வேலை விளம்பரத்தின் முதல் வரியிலேயே இளங்கலைப் பட்டம் கட்டாயம் என்று இருந்தது. 3 வருடப் பாடங்களோடு நின்றிருந்தால் அந்த விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த 2 வருடமும் நோயாளரிடம் ஒப்புதல் வாங்கினேன், இரத்த மாதிரி அனுப்பினேன், அவர்கள் வராத நாளில் வீட்டுக்கு அழைத்து ஏன் என்று கேட்டேன். தமிழில் பேசவேண்டிய அம்மாமார் பலர் என்னிடம்தான் வருவார்கள். நாலாவது தடவை நேர்முகத்தில் உட்கார்ந்தபோது சொல்வதற்கு என்னிடம் விஷயம் இருந்தது. அதைவிட முக்கியம், அந்த வருடமும் கிடைத்திருக்காவிட்டால் நான் உடைந்திருக்க மாட்டேன். சம்பளம் இருந்தது. முதுமாணிக்குப் போகலாம் என்ற எண்ணமும் இருந்தது. அதற்கும் 4 வருட ஒனர்ஸ் பட்டம் வேண்டும். ஒன்ராறியோவில் பிசியோதெரபி, தொழில்வழிச் சிகிச்சை இரண்டும் இப்போது முதுமாணிப் படிப்புகள், பட்டம் இல்லாமல் அவற்றின் வாசலுக்கும் போகமுடியாது. பட்டத்துக்குப் பிறகு படிக்கிற ஆசிரியர் பயிற்சிக்கும் அப்படியே. வாட்டர்லூவின் கண்பரிசோதனைப் படிப்பு மாதிரி 3 வருடத்தோடு எடுக்கிற இடங்களும் உண்டு, ஆனால் அங்கேயும் போட்டி கடுமை.

மூன்றாம் வருடத்தில் கிடைக்காதவர் எப்படியும் நாலாம் வருடம் படிக்கத்தானே போகிறார், பிறகு என்ன வித்தியாசம் என்று ஒரு சித்தப்பா கேட்டார். வித்தியாசம், முதல் 3 வருடத்தையும் என்ன எண்ணத்தோடு படித்தார் என்பதில் இருக்கிறது. பட்டம் தேவையில்லை என்று நினைத்த பிள்ளை புள்ளிக்காகவே ஒரு துறையை எடுக்கிறது. பட்டத்தோடு வாழவேண்டி வரலாம் என்று நினைத்த பிள்ளை தாதியியல் எடுக்கலாம், பொறியியல் எடுக்கலாம், கணினி எடுக்கலாம். மக்மாஸ்டர் எந்தத் துறையிலிருந்தும் எடுக்கும் என்று மேலே சொன்னேன். உயிரியல்தான் படிக்கவேண்டும் என்ற கட்டாயமே அங்கே இல்லாதபோது, வேலை கிடைக்கிற பட்டத்தை விட்டுவிட்டு லைஃப் சயன்ஸுக்குள் எல்லாப் பிள்ளைகளையும் தள்ளுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அதே நேரம், பொறியியலில் 3.9 எடுப்பது லைஃப் சயன்ஸில் எடுப்பதைவிடக் கடினமாக இருக்கக்கூடும். என் வகுப்பில் பொறியியல் படித்து வந்தவர்கள் இரண்டே பேர். அவர்களை வைத்து அதிகம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இப்படிச் சொல்வதால் மூன்றாம் வருடத்தில் விண்ணப்பிக்கவேண்டாம் என்று அர்த்தம் இல்லை. புள்ளி இருந்தால் கட்டாயம் போடுங்கள். கட்டணம் போகும், அனுபவம் வரும். கடிதம் வந்தால் மச்சாள் மாதிரிச் சந்தோஷமாகக் கிளம்புங்கள், பட்டத்துக்காக ஒரு வருடம் காத்திருக்கவேண்டாம். நான் சொல்வது, கடிதம் வராது என்ற நினைப்பில் பாடங்களைப் பதியவேண்டும் என்பது. நாலாம் வருடப் பாடப் பதிவும், ஆய்வேட்டுக்கு மேற்பார்வையாளர் தேடுவதும் மே மாத முடிவுகளுக்கு முன்பே நடக்கவேண்டும். அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு கடிதத்துக்குக் காத்திருந்த என் தோழி ஒருத்தி ஆய்வேட்டு இடத்தைத் தவறவிட்டாள்.

கியூபெக்கில் சிஜெப், அதாவது பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான கல்லூரி, முடித்த பிள்ளைக்கு இந்தக் கேள்வியே வேறு. மகில்லில் ஒரு வருட ஆயத்தப் படிப்போடு நேரே மருத்துவத்துக்குப் போகும் வழி இருக்கிறது. மொன்றியலில் இருக்கிற எங்கள் ஆட்கள் அதை நன்றாகவே பயன்படுத்துகிறார்கள். கரீபியன் தீவுகளுக்கும் அயர்லாந்துக்கும் பட்டம் இல்லாமல் பிள்ளையை அனுப்புவது பற்றியும் கேட்கிறார்கள். போகலாம். திரும்பி வந்து ரெசிடென்சிக்கு நிற்கும்போது வெளிநாட்டில் படித்தவர்களுக்கான வரிசை குறுகலானது என்பதைக் கட்டணத்தோடு சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டும்.

தம்பி இந்த வருடம் கிரேட் 12. வைத்தியராகவேண்டும் என்கிறான். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தாதியியலை முதலாவதாகவும் லைஃப் சயன்ஸை மூன்றாவதாகவும் போட்டிருக்கிறான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நானும் அவனும் நாலு வருடப் பாடப் பட்டியலையும் வைத்துப் பார்த்தோம். தாதியியலில் மருத்துவமனைப் பயிற்சிகளுக்குப் புள்ளி வருமா, வெறும் தேர்ச்சி மட்டுமா என்பதைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. "நேர்ஸ் படிச்சு டொக்டரா?" என்று கேட்டுவிட்டு, பிறகு மச்சாளுக்கு அழைத்து அபிப்பிராயம் கேட்டிருக்கிறா. மச்சாள் தாதியியலையே முதலாவதாக வைக்கச் சொல்லியிருக்கிறாள்.