கேஸ் மாத்திரையை எப்போது நிறுத்துவது?

ஊருக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அப்பா அம்மாவின் மருந்துச் சீட்டை வாங்கிப் பாருங்கள். ஒமிப்ரசோல், பான்டோபிரசோல், ரபிப்ரசோல், எசோமெப்ரசோல் என்று வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஏதாவது ஒன்று அதில் இருந்தால் அது எதற்காக, எப்போது ஆரம்பித்தது என்று கேளுங்கள். இந்தப் பயணத்தில் எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டபோது ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. "கேஸ் மாத்திரைதானே, எல்லாரும் போடுறதுதான்" என்றார் அம்மா.

மருந்துக் கடையில் சேவை நன்றாகவே இருந்தது. அம்மாவின் நைந்துபோன சீட்டைக் காட்டியதும் பல வாரங்களுக்கான மாத்திரை கைக்கு வந்துவிட்டது. எவ்வளவு காலமாகச் சாப்பிடுகிறார், வேறென்ன மருந்து போகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அடுத்து, வழக்கமாகப் போகும் கிளினிக். கூட்டம் நெரிந்தது. டாக்டர் பழைய சீட்டைப் பார்த்து அப்படியே திரும்ப எழுதினார். நிறுத்தலாமா என்று கேட்டேன். "அது ஒண்ணும் பண்ணாது, போட்டுக்கட்டும்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அத்தனை பேர் வெளியே காத்திருந்தார்கள். ஆனால் எழுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு அந்தப் பதில் போதாது.

விசாரித்து, வயிறு குடல் நோய்களுக்கான வேறொரு டாக்டரிடம் நேரம் வாங்கினோம். அவர் எல்லா மாத்திரைகளையும் மேசைமேல் பரப்பச் சொல்லி ஒவ்வொன்றாக விசாரித்தார். விஷயம் அப்போதுதான் தெரிந்தது. அம்மாவுக்கு ஒரு காலத்தில் முழங்கால் வலிக்கு வலி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அது வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்கத் துணைக்குச் சேர்த்தது இந்த மாத்திரை. வலி மாத்திரை நின்று வருடங்கள் ஆகிவிட்டன, துணைக்கு வந்தது மட்டும் தங்கிவிட்டது.

இந்த மருந்துகள் மோசமானவை அல்ல. 1988-இல் ஒமிப்ரசோல் விற்பனைக்கு வந்த பிறகு வயிற்றுப்புண், உணவுக்குழாய்ப் புண் ஆகியவற்றின் சிகிச்சையே மாறியது. சிக்கல், காரணம் முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் தொடர்வதில்தான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010-இல் இடுப்பு, மணிக்கட்டு, முதுகெலும்பு முறிவு பற்றி எச்சரித்தது. 2011-இல் நீண்ட காலப் பயன்பாட்டால் மெக்னீசியம் குறைவது பற்றியும், 2012-இல் ஒருவகைக் குடல் தொற்றால் வரும் வயிற்றுப்போக்கு பற்றியும் சொன்னது. அபூர்வமாகச் சிறுநீரகத்தில் அழற்சி வரலாம். உணவிலுள்ள வைட்டமின் பி12-ஐப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும், அதனால் ஆண்டுகள் போகப் போக அதுவும் குறையலாம். அம்மா சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறார், அதுவும் பி12-ஐக் குறைக்கும். இரண்டும் சேர்ந்ததைப் பார்த்ததும் டாக்டர் பி12 பரிசோதனைக்கு எழுதினார். அளவு குறைவாகத்தான் வந்தது. காலில் மரத்துப்போகிறது என்று அம்மா வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை வயதுக் கோளாறு என்றே எல்லாரும் விட்டிருந்தோம்.

பயத்தைப் பெரிதாக்கவும் கூடாது. மறதி நோய் வரும், இதயம் கெடும் என்று பரவும் செய்திகளுக்கு அடிப்படை பெரும்பாலும் மருந்து சாப்பிடுகிறவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகள். அவர்கள் ஏற்கனவே மற்றவர்களைவிட நோயாளிகளாக இருப்பார்கள், எனவே எது எதனால் என்று பிரிப்பது கடினம். 2019-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 17,598 பேரை இரண்டாகப் பிரித்து, சுமார் மூன்று ஆண்டுகள் பாதிப்பேருக்குப் பான்டோபிரசோலும் மீதிப்பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். தெளிவாக அதிகமானது குடல் தொற்று மட்டும்தான்.

அம்மாவுக்கு மெல்ல நிறுத்தலாம் என்ற டாக்டர், அப்பாவுக்கு நேர்மாறாகச் சொன்னார். அவருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் இரண்டும் போகின்றன. ரத்தக்கசிவைத் தடுக்க அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை அவருக்குத் தேவை, தானாக நிறுத்தவே கூடாது. ஒமிப்ரசோல் குளோபிடோகிரெலின் வேலையைக் குறைக்கக்கூடும் என்பதால் பான்டோபிரசோலுக்கு மாற்றினார். ஒரே வீட்டில் ஒருவருக்கு நிறுத்த வேண்டியது, இன்னொருவருக்கு உயிர்க்காப்பு. உணவுக்குழாயில் கடும் புண்ணோ பாரெட் மாற்றமோ (அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உள்தோல் மாறிப்போவது) உள்ளவர்களும் இதைத் தொடர வேண்டியவர்கள்.

அம்மாவின் மாத்திரையில் டோம்பெரிடோனும் சேர்ந்திருந்தது. இதயத் துடிப்பைப் பாதிக்கலாம் என்பதால் ஐரோப்பிய மருந்து ஆணையம் 2014-இல் அதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் தரச் சொல்லியிருக்கிறது. அதைத்தான் டாக்டர் முதலில் எடுத்தார். அப்புறம் அமில மாத்திரையை 40 மில்லிகிராமிலிருந்து 20 ஆக்கினார். மேலே உறை போட்ட மாத்திரை, வீட்டில் உடைத்துப் பாதியாக்கக் கூடாது.

திடீரென நிறுத்தினால் பலருக்கு எரிச்சல் முன்பைவிட அதிகமாக வரும். அடக்கிவைத்த அமிலம் சில வாரங்கள் கூடுதலாகச் சுரக்கும். 2009-இல் கோபன்ஹேகனில், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கே எட்டு வாரம் எசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொந்தரவுகள் வந்தன, வெற்று மாத்திரைக் குழுவில் 15 சதவீதம். "பார், மாத்திரை இல்லாமல் முடியாது" என்று திரும்ப ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். அந்த வாரங்களைத் தாண்ட, அமிலம் மேலேறாமல் தடுக்கும் அல்ஜினேட் திரவம் எழுதிக் கொடுத்தார்.

பழக்கங்களில் எங்கள் வீட்டில் உடனே பலன் தந்தது கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்தியதுதான். தலையணைகளை அடுக்கினால் வயிறு மடங்கும், எதுக்களிப்பு கூடத்தான் செய்யும். இடப்பக்கம் படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே இருக்கும், அமிலம் மேலேறுவது குறையும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிப்பது இன்னொன்று. உடல் எடை கூடியவர்களுக்கு எடை குறைப்பதும் புகைப்பவர்களுக்கு அதை விடுவதும் நல்ல பலன் தரும். உணவில் எல்லாருக்கும் ஒரே தடைப்பட்டியல் தேவையில்லை, தனக்கு எது எரிக்கிறதோ அதை விட்டால் போதும்.

வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமிக்கான மலப் பரிசோதனையும் எழுதினார். இந்த மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திய பிறகே மாதிரி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். பரிசோதனைக் கூடத்தில் இதை யாரும் கேட்கவில்லை. எனவே மாத்திரை முழுதாக நின்ற பிறகு கொடுப்பதாக வைத்திருக்கிறோம்.

விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, கருப்பு மலம், ரத்த வாந்தி இவற்றில் எது வந்தாலும் பழக்கங்களை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே வரச் சொன்னார். நெஞ்சில் அழுத்தமோ கைக்குப் பரவும் வலியோ வந்தால் கேஸ் என்று நினைக்காமல் நேரே அவசரப் பிரிவுக்கு. கிளம்பும் முன் ஒவ்வொரு மருந்துக்கும் எதற்காக, எதுவரை என்று சீட்டிலேயே எழுதித் தரக் கேட்டேன், முகம் சுளிக்காமல் எழுதினார். மூன்று மாதம் கழித்து பி12-ஐ மறுபடி பரிசோதித்து முடிவை அனுப்பினால் போனிலேயே பேசலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.