டிவி பார்த்தும் புத்தகம் படித்தும் காட்டில் பிழைக்கக் கற்றுக்கொள்ளலாமா? ஒரு திருநெல்வேலிக்காரனின் விமர்சனம்

கடைசி வரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புத்தகம் ஒன்றே ஒன்று வாங்குங்கள், கத்தி வாங்காதீர்கள், டிவியில் 'சர்வைவர்மேன்' லெஸ் ஸ்ட்ரவுடை மட்டும் பாருங்கள். ஏன் என்பதுதான் கீழே.

எங்கள் தெருவில் இந்தப் பைத்தியம் பிடிக்காத பையன் கிடையாது. தமிழ் டப்பிங்கில் பியர் கிரில்ஸ் வந்த காலத்தில், புழுவோ வண்டோ எது கையில் அகப்பட்டாலும் புரதம் என்று சொல்லி அவர் வாயில் போடுவார், நாங்கள் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்போம். அவருடைய 'மேன் வெர்சஸ் வைல்ட்' நிகழ்ச்சி 2006ல் தொடங்கி 2011ல் முடிந்துவிட்டது, ஆனால் மறுஒளிபரப்பின் புண்ணியத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகவே ஒரு நினைப்பு. 2020 மார்ச் 23ஆம் தேதி ரஜினி அவரோடு பந்திப்பூர் காட்டுக்குள் போனதை வீடே உட்கார்ந்து பார்த்தோம், அடுத்த இரண்டு நாளில் நாடே கதவைச் சாத்திக்கொண்டது. அப்படிச் சாத்தின மாதங்களில்தான் நான் புத்தகம் வாங்க ஆரம்பித்தேன்.

கிரில்ஸைக் குறை சொல்வது சுலபம். 2007லேயே, படப்பிடிப்பில் சில இரவுகளை அவர் விடுதியில் கழித்தார் என்று சர்ச்சை வந்து, சில சூழ்நிலைகள் காட்டுவதற்காக ஏற்பாடு செய்யப்பட்டவை என்று நிகழ்ச்சியில் அறிவிப்புப் போட வேண்டியதாயிற்று. எனக்கு விடுதியில் தூங்கினதில் வருத்தமில்லை, யாருக்குத்தான் கொசுக்கடியில் தூங்கப் பிடிக்கும். என் வருத்தம் வேறு. அவர் ஓடுகிறார், பாறையிலிருந்து குதிக்கிறார், குளிர்ந்த ஆற்றில் இறங்குகிறார். வழி தவறியவன் செய்யவே கூடாதது இந்த மூன்றும்தான். கணுக்கால் பிசகினால் கதை முடிந்தது.

கனடாக்காரர் லெஸ் ஸ்ட்ரவுட் அப்படியில்லை. 'சர்வைவர்மேன்' நிகழ்ச்சியில் கேமராவையும் அவரே தூக்கிக்கொண்டு போய், நட்டுவைத்து, முன்னால் நடந்து போய், திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டு மறுபடி நடக்கிறார். ஏழு நாள் தனியாக. பெரும்பாலும் பசியோடு உட்கார்ந்திருக்கிறார், வைத்த பொறியில் ஒன்றும் விழுவதில்லை, தீ பற்றுவதில்லை, எரிச்சல்படுகிறார். பார்க்க அலுப்பாகத்தான் இருக்கும். எனக்கு அந்த அலுப்பில்தான் நம்பிக்கை வந்தது. பிரிட்டன்காரர் ரே மியர்ஸ் இன்னொரு ரகம், அவசரமே இல்லாத மனிதர், பழங்குடிகளிடம் போய்க் கைகட்டி உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறார். இரவில் தூக்கம் வராதபோது பார்க்க நல்லது.

புத்தகங்களில் நான் சொல்லும் அந்த ஒன்று, ஜான் வைஸ்மேன் எழுதிய எஸ்.ஏ.எஸ். சர்வைவல் கையேடு. 1986ல் வந்தது, இன்னும் விற்கிறது. பிரிட்டிஷ் சிறப்புப் படையில் 26 வருஷம் இருந்தவர். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை மண்டையில் ஏறுவதற்கு இந்த மாதிரி ஒரு புத்தகம் வேண்டும். காற்றில்லாமல் மூன்று நிமிடம், கடும் வெயிலிலோ குளிரிலோ ஒதுங்க இடமில்லாமல் மூன்று மணி நேரம், தண்ணீரில்லாமல் மூன்று நாள், சாப்பாடில்லாமல் மூன்று வாரம் என்று இந்தத் துறையில் ஒரு வாய்ப்பாடு உண்டு. நம் ஆட்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்வோம். டூர் போனால் முதலில் புளியோதரையைக் கட்டிவிட்டு, குடிதண்ணீரை வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்போம்.

சரி, சிக்கல் எங்கே வருகிறது என்றால், இவர்கள் எல்லோரும் குளிர்நாட்டுக்காரர்கள். திசை பார்க்கும் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துருவ நட்சத்திரத்தைப் பார், அதுதான் வடக்கு என்கிறது. லண்டனில் அது அரை வானத்துக்கு மேல் நிற்கும். திருநெல்வேலி நிலநடுக்கோட்டிலிருந்து 8.7 டிகிரியில் இருக்கிறது, ஆகவே இங்கே அது அடிவானத்திலிருந்து சுமார் ஒன்பது டிகிரிதான் எழும்பும். நாலு தென்னை நின்றால் போதும், மறைந்துவிடும். அப்புறம் கைக்கடிகார முறை: சின்ன முள்ளைச் சூரியனுக்கு நேரே பிடி, முள்ளுக்கும் 12க்கும் நடுவே தெற்கு. மே மாதம் நடுப்பகலில் மொட்டைமாடியில் நின்று செய்து பார்த்தேன். தெற்கு என்று கடிகாரம் காட்டிய திசையில் கோவில்பட்டி இருந்தது! பிறகு உட்கார்ந்து யோசித்ததில்தான் புரிந்தது, ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, அந்த முறை இங்கே அந்த மாதங்களில் செல்லாது. எங்கள் ஊர்க் குழந்தைக்கு இதெல்லாம் வேண்டாம். மலை மேற்கே, ஆறு கிழக்கே ஓடும், முடிந்தது. ஆனால் ஓடையைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ஊர் வந்துவிடும் என்ற டிவி யோசனையைப் பொதிகை மலையில் செய்யாதீர்கள். இங்கே ஓடை திடீரென்று அருவியாகிவிடும், பாணதீர்த்தம் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன், இதில் நான் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. உடன்குடிப் பக்கம் சித்தப்பா ஊருக்குப் போயிருந்தபோது, தேரி மணலில் குழி தோண்டி, நடுவில் பாத்திரம் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன் நடுவே கல்லை வைத்து, சூரிய வெப்பத்தில் ஈரம் ஆவியாகி உள்ளே சொட்டும் என்று புத்தகத்தில் உள்ளபடியே செய்துவிட்டுக் காத்திருந்தேன். பனை ஏறும் அண்ணாச்சி ஒருவர் அந்த வழியாக வந்தார்.

"ஏலே, என்னத்தப் பொதைக்க?"

"தண்ணி எடுக்கேன் அண்ணாச்சி."

அவர் குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஓலைப் பட்டையை மடக்கிப் பிடிக்கச் சொல்லி அது நிறையப் பதநீர் ஊற்றினார். சாயங்காலம் தாளை எடுத்துப் பார்த்தால் பாத்திரத்தில் அரை டம்ளர்கூட இல்லை, தோண்டும்போது நான் விட்ட வியர்வை அதைவிட அதிகம். அதற்காக, நம்மிடம் எல்லாம் இருக்கிறது, புத்தகமே வேண்டாம் என்று நான் மார் தட்டப் போவதில்லை. பனை அவருக்குத்தான் தண்ணீர் தரும். நான் ஏறினால் எலும்பு முறிவு அத்தியாயத்தைத்தான் புரட்ட வேண்டியிருக்கும்.

கள்ளி பற்றி ஒரு எச்சரிக்கை. கற்றாழை மாதிரி, கள்ளி மாதிரி இருப்பதை வெட்டித் தண்ணீர் எடுப்பதை டிவியில் காட்டுவார்கள். நம் வேலியோரத்துக் கள்ளியை வெட்டினால் வருவது பால், கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான். கலங்கின தண்ணீரைத் தெளிய வைக்க நம் ஆட்கள் பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசுவார்கள். அது வண்டலைப் படிய வைக்கும், ஆனால் அதோடு குடித்துவிடாதீர்கள், கொதிக்க வைத்தே ஆக வேண்டும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2000 மீட்டருக்கு மேலே போனால்தான் மூன்று நிமிடம் என்பார்கள், நம் அகத்தியமலையே 1868 மீட்டர்தான், கவலையில்லை.

தீ. வில்லைக் கட்டி மரத்தைக் கடையும் வித்தையை மூன்று சாயங்காலம் முயன்றேன். புத்தகம் சொல்லும் மரம் ஒன்றும் இங்கே கிடையாது. கல்யாண முருங்கைப் பலகையில் காய்ந்த எருக்கங்குச்சியை வைத்துக் கடைந்து, கைக் கொப்புளம் உடைந்து, மூன்றாம் நாள் புகையோடு ஒரு கங்கு விழுந்தது, தென்னம் பன்னாடையைப் பிய்த்து அதில் பொதிந்து ஊதினேன், பற்றிக்கொண்டது. சங்கப் பாட்டில் ஞெலிகோல் என்று இதைத்தான் சொல்கிறார்கள், தமிழாசிரியர் சொன்னபோது பரீட்சைக்கு மட்டும் படித்தேன். சந்தோஷம் தாங்கவில்லை. அதே சமயம், அவசரத்தில் இதை நம்புகிறவன் பட்டினிதான். ஃபெரோ ராட் என்கிற தீமூட்டும் உலோகக் குச்சி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நனைந்தாலும் துடைத்துவிட்டு உரசினால் பொறி பறக்கும்.

கத்தியைப் பற்றிப் பேசவே கடுப்பாக இருக்கிறது. டிவிக்காரர் கையில் இருப்பது மாதிரியே ஒன்றை இணையத்தில் யாரோ ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன், அச்சு அசல் போலி. உடைமுள் கிளை இரண்டைக் கழிப்பதற்குள் பிடி ஆடியது, திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். கொல்லுப்பட்டறையில் அடித்து வாங்கின அருவாள் வீட்டில் பத்து வருஷமாக இருக்கிறது. ஒன்று, அதை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் போலீஸ் வேறு மாதிரி பார்க்கும், எங்கள் ஜில்லாவின் பெயர் அப்படி.

பொறி வைக்கும் அத்தியாயத்தைத் திறக்க முடியாதபடி பக்கத்தோடு பக்கமாக ஒட்டிவிடுங்கள். களக்காடு முண்டந்துறை 1988லிருந்து புலிகள் காப்பகம், அதற்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். முயலுக்குச் சுருக்கு வைத்தால் 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் நீங்கள்தான் சுருக்கில் மாட்டுவீர்கள். யானையைப் பற்றி இந்தப் புத்தகங்கள் சொல்வதும் நமக்குப் போதாது. நடக்க ஆசையிருந்தால் 2024ல் அரசு ஆரம்பித்த 'ட்ரெக் தமிழ்நாடு' மூலம் வழிகாட்டியோடு போங்கள். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் செத்துப்போனதை மறந்துவிட முடியாது. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், காய்ந்த புல் என்றால் கேட்கவே வேண்டாம்.

பாம்பு விஷயத்தில் டிவியும் தப்பு, ஊரும் தப்பு. பழைய சினிமா மாதிரி கீறி உறிஞ்சுவது, இறுக்கிக் கயிறு கட்டுவது, விஷக்கல் வைப்பது எல்லாமே ஆபத்து. கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, நடக்க விடாமல், நேராக அரசு ஆஸ்பத்திரி. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலுக்கும் சேர்த்துத்தான் நம் நாட்டு விஷமுறிவு மருந்து. மலையில் மூக்கு மேல்நோக்கி இருக்கும் குழிவிரியன் ஒன்று உண்டு, அதற்கு இந்த மருந்து வேலை செய்யாது. இலைச்சருகில் கைவைக்கும் முன் குச்சியால் கிளறிப் பாருங்கள்.

குளிர்நாட்டுப் புத்தகம் நமக்கு அப்படியே பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு, ஊத்து பக்கம் மழை கொட்டும். அங்கே நனைந்த சட்டையோடு காற்றில் ஒரு இரவு கிடந்தால், பனி விழாவிட்டாலும் உடம்புச் சூடு இறங்கி ஆள் குழற ஆரம்பித்துவிடுவான். நனையாதே, நனைந்தால் உடனே மாற்று, தரையில் நேராகப் படுக்காமல் தழையைப் பரப்பு என்று அவர்கள் சொல்வதெல்லாம் அங்கே வேதவாக்கு.

இவ்வளவு செலவுக்கும் எனக்குப் பலன் கிடைத்தது காட்டில் இல்லை, திருநெல்வேலி ஆற்றங்கரையில் எங்கள் சிந்துபூந்துறையில். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டின மழை. தாமிரபரணி தெருவுக்குள் வந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலமே, மழை நிற்காததைப் பார்த்து, தண்ணீர்தான் முதலில் என்ற அந்த வரிசை ஞாபகம் வந்து, குடம், அண்டா, குக்கர் உட்பட எல்லாவற்றிலும் குடிதண்ணீர் பிடித்து மாடியில் ஏற்றினேன். வெள்ளம் வரும்போது தண்ணீர் பிடிக்கிறான் பார் என்று வீட்டில் சிரித்தார்கள். இரண்டு நாள் மின்சாரமும் இல்லை, குழாயும் இல்லை, மூன்று வீட்டுக்காரர்கள் அதைத்தான் குடித்தோம். அதே ராத்திரி ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸில் சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டதும், பக்கத்து ஊர்க்காரர்கள் சமைத்துக் கொடுத்ததும் எல்லோருக்கும் தெரியும். தனி ஆள் கத்தியோடு தப்பிக்கிற கதையே இந்தப் புத்தகங்களில் அதிகம், 800 பேருக்கு உலை வைப்பதைப் பற்றி ஒரு பக்கம்கூட நான் பார்க்கவில்லை.

எதிர்வீட்டு ஆச்சியும் எங்கள் மாடிக்கு வந்திருந்தார்கள். தீப்பெட்டி எல்லாம் ஊறிப்போய்விட்டது, லைட்டர் கீழே முங்கிவிட்டது. மாடிக்குத் தூக்கி வந்த கேஸ் அடுப்பை என் ஃபெரோ ராட்டை உரசித்தான் பற்றவைத்தோம், ஆச்சி கஞ்சி வைத்தார்கள். வெள்ளம் வடிந்து வீட்டுக்குப் போகும்போது அதையும் கையோடு எடுத்துப் போய்விட்டார்கள். இரண்டு தடவை கேட்டுவிட்டேன். "அது எதுக்குடே ஒனக்கு, நீயா அடுப்பு மூட்டப் போற?" என்கிறார்கள்.